உதிரும் தாளில் ஓர் எதிர்காலம்

1928 ஆகஸ்ட் மாத 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழின் அட்டையில் சிவப்பு உடை போட்ட ஒருவன் ஆகாயத்தில் மிதக்கிறான். கீழே நிற்கும் பெண் அவனைப் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டுகிறாள். பழைய இதழ் வியாபாரிகள் வெகுகாலம் இதை 'பக் ராஜர்ஸ் அட்டை' என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்தப் பெயருக்காகவே விலையும் ஏறியது. ஆனால் மிதப்பவன் பக் ராஜர்ஸ் இல்லை. ஈ. ஈ. ஸ்மித்தின் 'தி ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்' என்ற தொடர்கதையின் நாயகன் ரிச்சர்ட் சீட்டன் அவன். அந்தத் தொடர் இந்த இதழில்தான் தொடங்கியது. பக் ராஜர்ஸ் இருப்பது உள்ளே, ஃபிலிப் ஃபிரான்சிஸ் நவ்லன் எழுதிய வேறொரு கதையில். அங்கேயும் அவன் பெயர் ஆண்டனி ராஜர்ஸ். 1929 ஜனவரியில் செய்தித்தாள் படக்கதையாக வந்தபோதுதான் அவனுக்கு 'பக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

விவரம் தெரிந்த சேகரிப்பாளர்கள் இந்தப் பிழையைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. விண்மீன்களுக்கு இடையே கப்பல் விடும் கதைகளின் மூதாதையும், அமெரிக்கப் படக்கதையின் முதல் விண்வெளி வீரனும் 25 சென்ட் விலையுள்ள ஒரே இதழில் அக்கம்பக்கத்தில் குடியிருந்தார்கள். பிறகு இரண்டு கதைகளும் தனித்தனிப் புத்தகங்களாகிப் பிரிந்துபோயின. இன்று அவற்றைப் படிக்க யாரும் பழைய இதழைத் தேட வேண்டியதில்லை. கதைகள் பிழைத்துவிட்டன. பிழைக்காமல் போகக்கூடியது அந்த அக்கம்பக்கம்தான். பல்ப் இதழ்களைச் சேகரிக்கிறவர்கள், அவர்களே அறிந்தோ அறியாமலோ, காப்பாற்றிக்கொண்டிருப்பது அதைத்தான் என்பது என் எண்ணம்.

'பல்ப்' என்றால் கூழ். நம் ஊரில் சாணித்தாள் என்று சொல்வோமே, அந்த இனம். ஃபிராங்க் மன்சி என்ற பதிப்பாளர் 1896இல் தன் 'ஆர்கஸி' பத்திரிகையை முழுக்கக் கதைகளுக்கென மாற்றி, கிடைத்ததிலேயே மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டார். தாளில் மிச்சம் பிடித்த காசைக் கதைக்குப் போடலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பலித்ததும் துப்பறியும் கதை, கௌபாய் கதை, காதல் கதை, கடற்கதை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இதழ் கிளம்பியது. ஏறத்தாழ 7 அங்குல அகலம், 10 அங்குல உயரம். வெட்டிச் சீராக்காத, பிசிறு விட்ட ஓரங்கள். உள்தாளைவிடச் சற்று அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வழவழப்பான வண்ண அட்டை. உள்ளே போன பணத்தைவிட அட்டைக்குப் போன கவனம் அதிகம். 'அஸ்டவுண்டிங்' இதழ் பிறந்த கதையை அதன் முதல் ஆசிரியர் ஹாரி பேட்ஸ் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதன் பதிப்பாளர் கிளேட்டனிடம் அப்போது 13 இதழ்கள் இருந்தன. அட்டைகளை அச்சிடும் பெரிய தாளிலோ 16 அட்டைகளுக்கு இடம் இருந்தது. மூன்று கட்டங்கள் வெறுமனே கிடந்தன. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவற்றில் ஒன்றுதான் 1930 ஜனவரியில் தொடங்கிய 'அஸ்டவுண்டிங்'. ஐசக் அசிமோவையும் ராபர்ட் ஹைன்லைனையும் வளர்த்த பத்திரிகை பிறந்தது, அச்சகத்தில் இடம் வீணாகாமல் இருக்கத்தான்!

அதற்கு நான்கு ஆண்டு முன்னரே ஹியூகோ கெர்ன்ஸ்பேக் அறிவியல் கதைக்கென்று தனி இதழ் தொடங்கிவிட்டார். லக்சம்பர்க்கில் பிறந்து 1904இல் அமெரிக்கா வந்தவர். வானொலிப் பாகங்களைத் தபாலில் விற்றவர். மின்சாரம், வானொலி பற்றிய பத்திரிகைகளை நடத்தியவர். 1926 ஏப்ரல் என்று தேதியிட்டு வந்தது 'அமேசிங் ஸ்டோரீஸ்' முதல் இதழ். சனிக் கிரகம் பின்னணியில் தெரிய, பனியில் சறுக்கி விளையாடும் மனிதர்களை அதன் அட்டையில் வரைந்தவர் ஃபிராங்க் ஆர். பால். உள்ளே ஆறு கதைகள். ஆறும் மறுபதிப்பு: வெர்ன், வெல்ஸ், போ ஆகியோருடன் அன்றைய எழுத்தாளர்கள் மூவர். பக்கங்கள் 96தான். வாங்குகிறவர் கைக்கு எடையாக இருக்கட்டும் என்று கெர்ன்ஸ்பேக் உப்பலான தடித்த தாளைப் போட்டார். அளவும் மற்ற பல்ப் இதழ்களைவிடப் பெரியது. சேகரிப்பாளர்கள் அதைப் 'படுக்கை விரிப்பு' அளவு என்பார்கள். தலையங்கப் பக்கத்தின் உச்சியில் ஒரு சிறு கோட்டுச் சித்திரம் இருக்கும். ஆமியான் நகரிலுள்ள ஜூல்ஸ் வெர்னின் கல்லறை அது. கல்மூடியைத் தள்ளிக்கொண்டு வெர்ன் எழுந்து வருகிறார்.

கெர்ன்ஸ்பேக்குக்கு அறிவியல்மீது இருந்த மோகம் எழுத்தாளர்களின் கூலிமீது இருக்கவில்லை. எச். பி. லவ்கிராஃப்டின் 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' 1927 செப்டம்பர் இதழில் வந்தது. அந்த நெடுங்கதைக்கு லவ்கிராஃப்ட் பலமுறை கேட்டு வாங்கியது 25 டாலர். அதன்பின் தன் கடிதங்களில் கெர்ன்ஸ்பேக்கை 'எலி' என்றே குறிப்பிட்டார். அந்தக் கதை பிறகு எத்தனையோ தொகுப்புகளில் வந்துவிட்டது. அந்த இதழைக் கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு மட்டும், இவ்வளவு நுட்பமான ஒரு திகில் கதை எவ்வளவு முரட்டுத்தனமான விளம்பரங்களுக்கு நடுவே வெளியாகியிருக்கிறது என்பது தெரியும்.

இந்தத் தாள் ஏன் உதிர்கிறது? நல்ல தாள் செய்ய மரத்தை ரசாயனத்தில் வேகவைத்து லிக்னினை நீக்குவார்கள். மரத்துக்கு விறைப்பு தரும் பொருள் அது. பல்ப் இதழின் தாளிலோ மரக்கட்டையை அப்படியே கல்லில் அரைத்துக் கூழாக்கிவிடுவார்கள். லிக்னின் உள்ளேயே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். மை பரவாமல் இருக்கச் சேர்க்கும் படிகார வகை உப்பும் பிசினும் தாளில் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே ஓர் இதழ் விளிம்பிலிருந்துதான் சாகத் தொடங்குகிறது. ஓரங்கள் டீ நிறத்துக்கு மாறியிருக்கும். பக்கத்தின் நடுப்பகுதி இன்னும் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தால் உமி கொட்டியதுபோலத் தூள் விழும். பக்கத்தின் மூலையை லேசாக மடக்கினாலும் அப்பளம்போல ஒடிந்து வரும். பின் அடித்த இடத்தில் துரு இறங்கி, அதைச் சுற்றிப் பழுப்பு வட்டம் படர்ந்திருக்கும். முதுகின் தலைப்பக்கமும் அடிப்பக்கமும்தான் முதலில் பிய்யும், ஏனென்றால் அலமாரியிலிருந்து எடுக்கும்போது எல்லாரும் அங்கேதான் விரலைக் கொடுத்து இழுப்பார்கள்.

பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, குளிர்ச்சியான, இருண்ட, ஈரம் குறைந்த அறை. வைத்தியம் இவ்வளவுதான். இதனால் சாவு தள்ளிப்போகும், அவ்வளவே.

இந்த இதழ்களைக் காப்பாற்றியவர்களில் பலர் ஒன்பது, பத்து வயதுச் சிறுவர்களாகத் தொடங்கியவர்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன் ஒன்பது வயதில் 1926 அக்டோபர் 'அமேசிங்' இதழை வாங்கினார். நண்டு போன்ற உருவங்களை பால் வரைந்திருந்த அந்த அட்டை, கடையில் தன்னைக் கூப்பிட்டதாக ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வாங்குவதை அவர் நிறுத்தவே இல்லை. இதழ், புத்தகம், திரைப்படப் பொருள் என்று ஏறத்தாழ மூன்று லட்சம் உருப்படிகள். அவற்றுக்காகவே 18 அறை வீடு. சனிக்கிழமைகளில் யார் வந்தாலும் இலவசமாகச் சுற்றிக்காட்டுவார். வந்தவர்களில் சிலர் பொருளைச் சுருட்டிக்கொண்டு போனதும் உண்டு.

நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்த அசிமோவின் கதை வேறு. அப்பாவின் மிட்டாய்க் கடையில் இந்த இதழ்களும் விற்பனைக்குத் தொங்கும். கண்ட குப்பையைப் படிக்காதே என்பது அப்பாவின் சட்டம். 1929இல் 'சயின்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ்' வந்தபோது, பெயரிலேயே 'சயின்ஸ்' இருக்கிறதே என்று பையன் வாதாடி அனுமதி வாங்கிவிட்டான். ஆனால் படித்துவிட்டு மடிப்புக் கலையாமல் திரும்பக் கடையில் வைத்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தின்ற அந்தச் சிறுவனுக்குச் சொந்தமாக ஓர் இதழ்கூட மிஞ்சவில்லை. சேகரிக்க ஆசை மட்டும் இருந்தால் போதாது, இடமும் பணமும் வேண்டும். எந்த இதழ் மிஞ்சியது என்பதற்குப் பின்னால், யார் வீட்டில் காலி அறை இருந்தது என்ற கேள்வியும் இருக்கிறது.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஆர்தர் சி. கிளார்க். விற்காமல் மிஞ்சிய அமெரிக்க இதழ்கள் கப்பலில் பாரச்சுமையாக வந்து, உல்வொர்த் கடைகளில் மூன்று பென்ஸுக்குக் குவிந்து கிடந்தன என்று அவர் எழுதியிருக்கிறார். ஒரு நாட்டின் கழிவு இன்னொரு நாட்டுப் பையனின் பொக்கிஷம். அவர் முதன்முதலில் பார்த்த அறிவியல் கதை இதழ் 1928 நவம்பர் 'அமேசிங்'. அதன் அட்டையில் வியாழன் கிரகம் வானை அடைத்துக்கொண்டு நிற்கும். 1979இல் வாயேஜர் விண்கலம் அனுப்பிய படங்களில் வியாழனின் மேகச் சுழிகள் தெரிந்தபோது, கிளார்க் இந்த அட்டையைத்தான் நினைத்துக்கொண்டார். அந்தச் சுழிகளைப் போன்றவற்றைப் பால் ஐம்பது ஆண்டு முன்பே வரைந்திருக்கிறாரே என்று வியந்து எழுதினார். 1956இலிருந்து 2008இல் இறக்கும்வரை கிளார்க் இலங்கையில்தான் வாழ்ந்தார். கொழும்பின் புழுக்கத்தில் இந்த வகைத் தாள் என்ன பாடுபடும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிறுவர்கள் வாசகர்களாக மட்டும் இருந்திருந்தால் இந்த இதழ்களுக்கு வரலாறு ஏற்பட்டிருக்காது. கெர்ன்ஸ்பேக் வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு அச்சிட்டார். அதில் எவ்வளவு தொலைநோக்கு, எவ்வளவு வியாபாரம் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் ஒரே ஊரில் ஒளிந்திருந்த இரண்டு பித்தர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க அந்த முகவரிகள் உதவின. கடிதம் போட்டார்கள், சங்கம் வைத்தார்கள், உருட்டச்சில் சொந்தச் சிறுபத்திரிகை அடித்தார்கள். அப்படி ஒரு சிறுபத்திரிகையாக 1930 மே மாதம் 'தி காமெட்' வந்தது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தபோது சிறப்பு விருந்தினர் எழுத்தாளர் அல்ல, அட்டை ஓவியர் ஃபிராங்க் ஆர். பால்! அந்தக் கூட்டத்துக்கு எது முக்கியமாக இருந்தது என்பது இதிலேயே தெரிகிறது.

பல்கலைக்கழகங்கள் இந்த இதழ்களைத் திரும்பிப் பார்க்காத காலத்தில் அவற்றுக்கு அட்டவணை போட்டவர்களும் இதே பித்தர்கள்தான். போர்ட்லாந்தில் இருந்த டொனால்ட் டே, 1926 முதல் 1950 வரை வந்த ஆங்கில அறிவியல் புனைகதை இதழ்களைப் பிரித்து, எழுத்தாளர்வாரியாகவும் தலைப்புவாரியாகவும் அட்டவணையிட்டு 1952இல் புத்தகமாக்கினார். கணினி கிடையாது, நிதியுதவி கிடையாது. எந்தப் புனைபெயருக்குப் பின்னால் யார் என்பதையும் முடிந்தவரை துப்புத் துலக்கினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லாரும் அந்த அடித்தளத்தின்மேல்தான் கட்டினார்கள்.

இங்கே நூலகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான நூலகங்கள் பல்ப் இதழ்களை வாங்கவே இல்லை. பொதுவாக வாரப் பத்திரிகைகளையும் மாதப் பத்திரிகைகளையும் வாங்கி பைண்டு செய்த நூலகங்களும் அட்டையைக் கழற்றி, விளம்பரப் பக்கங்களை நீக்கி, ஓரத்தை வெட்டித்தான் பைண்டு செய்தன. வாசகர்களில் ஒரு சாராரும் அதையே செய்தார்கள். தொடர்கதையை மட்டும் பிய்த்தெடுத்துத் தைத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிடுவார்கள். 'கல்கி'யிலிருந்து 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் கிழித்து, மணியம் படங்களோடு பைண்டு செய்து பெட்டியில் வைத்த பாட்டிமார்களை நமக்குத் தெரியும். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. கதை வேண்டும் என்றவர்களுக்குக் கதை கிடைத்தது. அந்த வார விளம்பரத்தில் என்ன சோப்பு இருந்தது என்று கேட்கிறவனுக்குத்தான் பதில் இல்லை.

அமெரிக்க பல்ப் இதழின் விளம்பரமோ தனி இலக்கியம். வானொலி பழுதுபார்க்கத் தபாலில் பயிற்சி, ஒல்லிக்குச்சி உடம்பைத் தேற்றும் சார்லஸ் அட்லஸ், குடலிறக்கத்துக்குக் கச்சை, பிரபஞ்ச ரகசியம் சொல்லித்தரும் ரோசிக்ரூசியன் சபை. செவ்வாயில் குடியேறும் கதையைப் படித்தவர்கள் வேலை தேடிக்கொண்டிருந்த, உடம்பைப் பற்றிக் கூச்சப்பட்ட, படிப்பைப் பாதியில் விட்ட ஆட்களாக இருந்திருக்கலாம் என்று இந்த விளம்பரங்கள் சொல்கின்றன. கதைத் தொகுப்பு எதுவும் இதைச் சொல்லாது.

கடிதப் பகுதி வம்பாக முடிந்ததும் உண்டு. 1943இல் பென்சில்வேனியாவிலிருந்து ரிச்சர்ட் ஷேவர் என்பவர் 'அமேசிங்' அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆதி மனித மொழியின் எழுத்துகளைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னது கடிதம். உதவியாசிரியர் படித்துச் சிரித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். ஆசிரியர் ரே பாமர் அதை எடுத்து இதழில் போட்டார். பின்னர் ஷேவர் அனுப்பிய கையெழுத்துப் பிரதியை ஊதிப் பெருக்கி 1945 மார்ச் இதழில் கதையாக வெளியிட்டார். தலைப்பில் இருந்த பெயர் லெமூரியா. தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் காது நிமிரும். 1864இல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் இன விலங்குகள் கடலின் இரு கரைகளிலும் காணப்படுவதை விளக்க ஊகித்த நிலம் அது. இங்கே அது குமரிக் கண்டத்தோடு கைகோத்தது. அங்கே பாதாளக் குகைகளில் ஒளிந்து மனிதர்களைக் கதிர்வீசி வதைக்கும் கொடியவர்களின் கதையாயிற்று. பாமர் இது உண்மைச் சம்பவம் என்று அடித்துச் சொன்னார். கடிதங்கள் மலையாகக் குவிந்தன. விற்பனை ஏறியது. தீவிர ரசிகர்கள் கொதித்துப்போய் இதழைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். தங்கள் சேகரிப்பில் அவமானமாக நினைத்து அவர்கள் ஒதுக்கிய அந்த ஆண்டுகளின் இதழ்களை இன்று பறக்கும்தட்டு ஆர்வலர்கள் தேடுகிறார்கள். எது குப்பை என்பதில் யாருடைய தீர்ப்பையும் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்த இதழ்களை இரண்டு பக்கமும் அடித்தது. தாள் பஞ்சத்தில் புதிய இதழ்கள் மெலிந்தன, நின்றன. 'அஸ்டவுண்டிங்' 1943 நவம்பரில் கையடக்க அளவுக்குச் சுருங்கியது. போருக்காகப் பழைய காகிதம் திரட்டியபோது வீட்டுப் பரணில் கிடந்த பழைய இதழ்கள் எடைக்குப் போயின. போருக்குப்பின் காகித அட்டை நாவலும் தொலைக்காட்சியும் வந்தன. 1949இல் ஸ்ட்ரீட் அண்டு ஸ்மித் நிறுவனம் 'அஸ்டவுண்டிங்' தவிர மற்ற பல்ப் இதழ்களை ஒரேயடியாக நிறுத்தியது. பழைய அளவிலேயே பிடிவாதமாக வந்துகொண்டிருந்த 'சயின்ஸ் ஃபிக்ஷன் குவார்ட்டர்லி' 1958இல் மூச்சை விட்டது.

அதன்பிறகுதான் கல்விக்கூடங்கள் விழித்துக்கொண்டன. ஓக்லாந்து மருத்துவர் ஜே. லாயிட் ஈட்டன் சேர்த்த ஏறத்தாழ 7,500 புத்தகங்களை 1969இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகம் வாங்கியது. இதழ்களும் ரசிகர் சிறுபத்திரிகைகளும் பின்னால் அதோடு சேர்ந்தன. வியட்நாம் போரை வெறுத்து அமெரிக்காவை விட்டுக் கனடாவுக்குப் போன எழுத்தாளர் ஜூடித் மெரில், தன்னிடமிருந்த சுமார் 5,000 உருப்படிகளை 1970இல் டொராண்டோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பார்க்கலாம். இப்படித் தப்பியவை கொஞ்சம். வரலாற்றாசிரியரும் பெரும் சேகரிப்பாளருமான சாம் மாஸ்கோவிட்ஸின் தொகுப்பு, அவர் 1997இல் இறந்தபின், 1999இல் ஏலத்தில் பிரிந்துபோனது. ஆக்கர்மனின் 18 அறையும் உடல்நலக் குறைவாலும் ஒரு வழக்கின் செலவாலும் 2002இலிருந்தே காலியாகத் தொடங்கியது. கூடிய இதழ் கலையும், கலைந்தது இன்னொருவரிடம் கூடும். 1972இல் தொடங்கிய பல்ப்கானில் நடந்ததும், அதற்குப்பின் சிகாகோ அருகே ஆண்டுதோறும் நடக்கும் விண்டி சிட்டி சந்தை போன்ற இடங்களில் நடப்பதும் இந்தக் கைமாற்றம்தான். மேசை மேசையாகப் பெட்டிகள். முழங்கை இடிக்கக் குனிந்து நிற்கும் நரைத்த தலைகள். முதலில் அட்டையைப் பார்ப்பார்கள். பிறகு முதுகை. பிறகு, அனுபவஸ்தர்கள், பக்கத்தைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார்கள். புளித்த வாடை அடித்தால் விலை இறங்கும்.

சாதாரண இதழ்கள் இன்றும் மலிவுதான். 1940களின் 'ஸ்டார்ட்லிங்', 'த்ரில்லிங் வொண்டர்' ஆகியவற்றை ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டு விலையில் வாங்கலாம். சில இதழ்கள் மட்டும் ஆளை மிரட்டும்: அமேசிங் முதல் இதழ், 'வியர்ட் டேல்ஸ்' 1923 மார்ச் முதல் இதழ், டார்ஜான் முதலில் வந்த 1912 அக்டோபர் 'ஆல்-ஸ்டோரி'. விலை ஏறியதும் புது வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. காமிக்ஸுக்குச் செய்ததுபோல, இதழுக்கு 10க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் சமீப ஆண்டுகளில் பல்ப் இதழையும் எடுத்துக்கொண்டுவிட்டன. போலியும் மறைமுக ஒட்டுவேலையும் குறையும் என்பது அவர்கள் வாதம். அது உண்மையும்கூட. இன்னொரு பக்கம், இணையத்தில் இதழ்கள் முழுமையாக, விளம்பரத்தோடும் கடிதத்தோடும் வருடப்பட்டுக் கிடக்கின்றன. படிக்க வேண்டுமென்றால் அதைப் படிக்கலாமே என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். அந்த வருடல்களுக்காகப் பலர் தங்கள் சொந்தப் பிரதிகளின் முதுகை உடைத்துத் தியாகம் செய்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, அமேசிங் முதல் இதழின் ஒரு பிரதி இன்று இப்படியும் இருக்கலாம். பேழைக்கு வெளியே சனிக் கிரகம் பளபளக்கிறது. மேலே மதிப்பெண் சீட்டு. விற்றவர் உள்ளே பார்க்கவில்லை, வாங்கியவரும் பார்க்கப்போவதில்லை. பேழையை உடைத்தால் மதிப்பெண் செல்லாது. உள்ளே, தலையங்கப் பக்கத்தின் உச்சியில், வெர்ன் கல்மூடியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.